காப்புக் கட்டிய வீட்டில் கரப்பான்

காப்புக் கட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. மீன் வாசனை இல்லாத சோற்றைச் சோறு என்றே ஒப்புக்கொள்ளாத நாக்கு.

தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். சந்து முனையில் ஆளுயரத்துக்கு ஓர் அம்மன் கோவில். வருடத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கொடைக்குப் பத்து நாள் முன்னதாக, நேர்ச்சை இருப்பவர்களின் மணிக்கட்டில் பூசாரி மஞ்சள் நூல் கட்டிவிடுவார். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவர் வீட்டில் கொடை முடிகிறவரை மீன், கறி, முட்டை எதுவும் நுழையக் கூடாது. மீன் சட்டியைக்கூட அம்மா தேய்த்துக் கழுவி, பழைய சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அந்த வருடம் அப்பா முதல்முறையாகத் தீச்சட்டி எடுப்பதாக இருந்தது; அம்மாவும் அவரோடு காப்புக் கட்டியிருந்தாள். எனக்குப் பிறகு ஆறு வருடம் வீட்டில் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்புறம் தம்பி பிறந்தான். அதற்கான நேர்ச்சை. தோல் பை தைக்கும் கார்கானாவில் பகல் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டும் மனிதர், எரியும் சட்டியைக் கையில் ஏந்தப் போகிறார் என்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை, எல்லோருக்கும் பயம்.

பயம் இல்லாதவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்கா, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எங்கள் வீட்டில் அப்பா சம்பாதிப்பார், அம்மா சமைப்பாள், அத்தை தீர்ப்புச் சொல்வாள். எது கூடும், எது கூடாது, எந்தக் கிழமை எண்ணெய் தேய்க்கலாம், எந்த நோய்க்கு எந்தக் கசாயம் என்பதெல்லாம் அவள் இலாகா. தம்பிக்கு மூன்று வயது முடிகிறவரை இறால் கொடுக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். இறால் கரப்பான் பண்டம், சின்னப் பிள்ளைகளுக்குக் கரப்பான் வந்து மேலெல்லாம் தடித்து அரிக்கும் என்பாள். அம்மா மறு பேச்சுப் பேசாமல் அவனுக்கு மட்டும் ரசம் ஊற்றிக் கொடுப்பாள். அம்மாவுக்கு இறால் என்றால் உயிர். மீன்காரி கூடையை இறக்கினால் மற்றவர்கள் விலை கேட்கும்போது அம்மா இறாலைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆறாம் நாள் மத்தியானம் அம்மா மாவிளக்குக்கு அரிசி அரைத்து வர மில்லுக்குப் போனாள். தம்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததுமே மேலே இருந்து வாசனை வந்தது.

எங்கள் வீட்டுக்கு மேல் இருந்த அறையில் ஒரு மராட்டிக் குடும்பம். அந்த அம்மாளை நாங்கள் மௌஷி என்று கூப்பிடுவோம். வாசலை ஒட்டிய இரும்பு ஏணியில் ஏறினால் அவள் அடுப்பு. அன்றைக்கு அவள் அடுப்பில் இறால். தேங்காயும் கோகம் புளியும் போட்டு அவள் செய்வது எங்கள் குழம்பு மாதிரி இருக்காது. ஆனால் ஆறு நாள் பட்டினி கிடந்த நாக்குக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மௌஷி நல்லவள். என் கண் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் விரதம் இல்லையா என்று இந்தியில் கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கிடையாது என்றேன். பொய் சொல்லும்போது எனக்கு இந்தி மிகவும் சரளமாக வரும்.

ஒரு தட்டு நிறைய வைத்தாள். நான் தின்னத் தின்னத் தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது பேச்சு அவ்வளவாக வரவில்லை. ஆனால் விரலை நீட்டிக் காட்டத் தெரியும். நான் எங்கே போனேன், என்ன செய்தேன் என்பதை அம்மாவிடம் விரலாலேயே சொல்லிவிடுவான். வாயை அடைப்பதற்காக இரண்டு இறாலைப் பிய்த்து ஊட்டினேன். அவனும் சப்புக்கொட்டித் தின்றான். கையையும் வாயையும் துடைத்துக்கொண்டு இருவரும் நல்ல பிள்ளைகளாகக் கீழே இறங்கி வந்தோம்.

அம்மா மாவோடு வந்து சேர்ந்தபோது தம்பி வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கொசு கடித்த மாதிரி நாலைந்து தடிப்பு. அவள் மாவு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் நாலைந்து நாற்பதாகிவிட்டது. வயிறு, தொடை, முதுகு, காதுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வீங்கின. அம்மா அத்தையைக் கூப்பிட்டாள்.

அத்தை வந்தாள், குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மை என்று சொல்லிவிட்டாள்.

“அம்மைன்னா காய்ச்சல் அடிக்கணும்லா மைனி? இவனுக்கு மேலு குளுந்துல்லா கெடக்கு” என்றாள் அம்மா.

“கொடைக்கு வாரவ காய்ச்சலோடதான் வரணுமாக்கும்? வெளயாட வந்திருக்கா. வேற நாளா இருந்தா நானே கரப்பான்னு சொல்லுவேன். காப்புக் கட்டின வீட்டுல கரப்பான் எங்கருந்து வரும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவள் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து அதில் தம்பியைக் கிடத்தினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். பூசிய இடத்தில் தடிப்பு அடங்கி, பூசாத இடத்தில் எழுந்தது. “பாத்தியா, ஓடிப் பிடிச்சு வெளயாடுதா” என்று அத்தை சந்தோஷப்பட்டாள். அப்பாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்தாள். அக்கா சொல்லுத மாதிரி செய்யுங்க, ஊசி கீசின்னு யாரும் கொண்டு போயிராதீங்க என்று அப்பா சொன்னது போனுக்கு வெளியிலும் கேட்டது. அம்மை கண்ட பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள். அவளைக் கோபப்படுத்திவிட்டு நாலு நாள் கழித்து அவள் சட்டியை எப்படி ஏந்துவது என்பது அப்பாவின் கவலை. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றும் மனசு வரவில்லை. கை அவருடையது.

என் கவலை வேறு. கரப்பானைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அத்தை அம்மை என்று சொன்னால் எனக்கும் அது அம்மைதான். இறால் தின்ற குற்றத்துக்கு அம்மன் என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள், இடுப்பில் தம்பி உட்கார்ந்திருந்ததால் குறி தவறி அவன் மேல் இறங்கிவிட்டாள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். தவறைத் திருத்த வேண்டியது என் பொறுப்பு. கதவுக்குப் பின்னால் போய், காதைப் பிடித்துக்கொண்டு இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் அது பிள்ளையாருக்குரியது என்று ஞாபகம் வந்தது. அம்மனிடம் அதற்கும் தனியாக ஒரு மன்னிப்புக் கேட்டேன்.

அத்தை பூசாரியிடம் தீர்த்தம் வாங்கக் கோவிலுக்குப் போனாள். அவள் போனதும் தம்பி இருமினான். அழ வாயைத் திறந்தான். சத்தம் கரகரவென்று யாரோ பெரிய ஆளின் சத்தமாக வந்தது. மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏட்டி, செருப்ப மாட்டு. இந்தி பேச ஆளு வேணும்.”

அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அம்மாவுக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தைக்கு அடுத்தபடி சாமிக்குப் பயந்தவள் அவள்தான். வேப்பிலைக் கொத்துக்கு அடியில் குனிந்து வெளியே வரும்போது, “தாயே, என்னைய என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோ” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. கோவில் இருக்கும் முனைக்குப் போகாமல் பின்பக்கச் சாக்கடைச் சந்து வழியாக ரோட்டுக்கு ஓடினாள். நான் ஒரு செருப்பு அறுந்த காலோடு பின்னாலேயே ஓடினேன்.

தொண்ணூறடி ரோட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர் தம்பியின் உதட்டைப் பார்த்த மாத்திரத்தில், உட்கார்ந்திருந்த நோயாளியை எழுப்பிவிட்டு எங்களை உள்ளே இழுத்துக்கொண்டார். தொடையில் ஓர் ஊசி. அப்புறம் இன்னொன்று. தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று ஓர் ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, மஞ்சள் பூச்சைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“பச்சே கோ க்யா கிலாயா?”

பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்ற அந்தக் கேள்வி அம்மாவுக்கு எட்டியது. “குச் நஹி. உப்வாஸ் ஹை” என்றாள், ஒன்றும் இல்லை, விரதம் என்று. டாக்டர் முட்டையா, வேர்க்கடலையா, மீனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். கையை நீட்டி மஞ்சள் நூலைக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். உன் அம்மாவிடம் சொல், எதனால் வந்தது என்று தெரியாவிட்டால் மறுபடியும் அதையே கொடுப்பீர்கள், அப்போது இங்கே வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிடும் என்றார். வேகமான இந்தி. அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னட்டி சொல்லுதாங்க?”

தம்பி மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்க என்னால் முடியவில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லவும் தைரியம் இல்லை. அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும், அப்பாவிடமிருந்து அத்தைக்குப் போகும், காப்பைக் கெடுத்தவள் நான் என்று சந்து முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு வழி தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் இந்தியிலேயே சொன்னேன். ஜிங்கா காயா. இறால் தின்றான். மேலே இருக்கும் மௌஷி வீட்டில். இரண்டு. நான்தான் ஊட்டினேன்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். சீட்டில் எழுதினார். இனி இந்தப் பிள்ளைக்கு இறால் கூடவே கூடாது, அதன் குழம்புகூடக் கூடாது, அம்மாவிடம் சொல்லிவிடு என்றார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“நல்லாயிரும்னு சொல்லுதாங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல.”

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். டாக்டரும் அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். விசில் சத்தம் முதலில் நின்றது. உதடு இறங்கியது. தடிப்புகள் ஒவ்வொன்றாக மங்கி, தம்பி அம்மா மடியில் தூங்கிப் போனான். அவன் மூச்சு சாதாரணமாக வந்துபோவதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அம்மா என் தலையைப் பிடித்துத் தன் முழங்கையில் சாய்த்துக்கொண்டாள். திரும்பும் வழியில், தெருக்குழாயடியில் என்னை நிறுத்தி வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொன்னாள். ஊசி போட்டது அவனுக்கு, நான் எதற்குக் கொப்பளிக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து, கேட்காமல் கொப்பளித்தேன்.

வீட்டு வாசலில் அத்தை தீர்த்தச் செம்போடு நின்றாள். பக்கத்தில் அப்பா, கார்கானாவிலிருந்து பாதி வேலையில் வந்தவர், சட்டையில் நூல்பிசிறோடு.

“எங்க கொண்டு போன பிள்ளைய?”

“டாக்டர்ட்ட.”

“ஊசி போட்டியா?”

“போட்டேன் மைனி. மூச்சு முட்டிச்சு.”

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை துண்டை விலக்கிப் பார்த்தாள். பிள்ளையின் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. அவள் முகத்தில் கோபம் போய் வேறொரு யோசனை வந்தது. அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. ஊசிக்கு அடங்குவது அம்மை அல்ல என்பது அவளுக்கும் தெரியும். “அப்ப என்னத்தத் தின்னான்?” என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

அம்மா நடுவில் வந்தாள்.

“வாசலத் தாண்டிப் போகும்போது அம்மன்ட்ட நேந்துக்கிட்டேன் மைனி. பிள்ளைய எனக்குத் திருப்பித் தந்துட்டான்னா, இனி எங்க வீட்டு வாசலுக்குள்ள இறால் வராது. நான் சாகுத மட்டும் அதத் தொடமாட்டேன்.”

“இறாலா? உனக்கு அதுதான உசிரு” என்றாள் அத்தை, குரல் இறங்கி.

“உசிராத்தான அவ கேப்பா.”

அத்தை செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். ஊசி, டாக்டர், என்னத்தத் தின்னான் என்ற கேள்வி எல்லாம் அத்தோடு போயிற்று. அம்மன் கேட்டதை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று சந்துக்குள் செய்தி பரவியது. நாலாம் நாள் அப்பா தீச்சட்டி எடுத்தார். கையில் ஒரு கொப்புளம் இல்லை. வந்திருந்தால், காரணம் தேடுகிறவர்கள் தேடித் தேடி என் தலையில்தான் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு பேர் வந்தால் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும்.

அதற்குப் பிறகு தம்பிக்கு ஒரு நாளும் அப்படி வரவில்லை. எப்படி வரும்? எந்த டாக்டராலும் அத்தையைப் போல் காவல் காக்க முடியாது. மீன்காரி கூடையில் ஓர் இறால் கிடந்தாலும் எங்கள் வாசலில் இறக்க விடமாட்டாள். கொடைக்கு மறுநாள் அம்மா தேங்காய்ப் பிரசாதத்தோடு இரும்பு ஏணியில் ஏறி மௌஷி வீட்டுக்குப் போய், அரை மணி நேரம் கழித்து வந்தாள். அதன் பிறகு மௌஷியும் அடுப்பில் இறால் இருக்கும் நாட்களில் எங்களை ஏணியிலேயே நிறுத்திவிடுவாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. உலகத்தில் விடுவதற்கு எத்தனையோ இருக்க, அம்மா ஏன் சரியாக இறாலை விட்டாள்? யோசித்துப் பார்த்து, அம்மனே அவள் காதில் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பண்டத்தைச் சொன்னவள் என் பெயரைச் சொல்லாமல் விட்டாளே என்று நன்றியாகக்கூட இருந்தது. பத்து வருடமாகத் தாராவி மார்க்கெட்டில் இந்தியில் பேரம் பேசி இறால் வாங்கியவளுக்கு, ஜிங்கா என்றால் என்னவென்று தெரியாமலா இருக்கும் என்ற கேள்வி எனக்குத் தோன்றியபோது, நான் படித்து முடித்து விக்ரோலியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது சும்மா தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “இப்ப என்னத்துக்கு அது” என்றாள். அவ்வளவுதான்.

அந்தக் கொடை முடிந்து இரண்டு மாதத்தில் கல்யாண் நகரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனோம். பந்தியில் இறால் தொக்கு வந்தது. நல்ல பெரிய இறால். அம்மா தன் இலையின் மேல் கையை வைத்து மறைத்தாள். தம்பியின் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பரிமாறுகிறவரிடம், “அவளுக்கு வைங்க, நல்லாச் சாப்பிடுவா” என்று என்னைக் காட்டினாள். நான் இரண்டு கரண்டி வாங்கினேன். அவள் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. தின்றது நான், விட்டது அவள்; பாவம், அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்டேன்.